பிரசவத்திற்குப் பின் மனைவி வெறுமையாக இருக்கிறார்: பொறுத்திருப்பதா, மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வதா?

கேள்வி: ஓசூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். என் மனைவிக்கு ஏழு வாரங்களுக்கு முன் அறுவை சிகிச்சை மூலம் பெண் குழந்தை பிறந்தது. பிறந்தபோது எடை குறைவாக இருந்ததால் குழந்தையைச் சில நாட்கள் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். இப்போது எடை கூடி நலமாக இருக்கிறது. தலைப்பிரசவம் என்பதால் மனைவி மன்னார்குடிக்கு அருகிலுள்ள தாய்வீட்டில் இருக்கிறார். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பதால் வார விடுமுறையில் மட்டுமே போய் வர முடிகிறது.

குழந்தை அழுதால் எடுத்துப் பாலூட்டுகிறார், துணி மாற்றுகிறார், தடுப்பூசித் தேதியைக்கூட மறப்பதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் குழந்தை தூங்கும்போதுகூட அவர் தூங்குவதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கல்லூரித் தோழிகளின் அழைப்பை எடுப்பதில்லை, பத்தியச் சாப்பாட்டைப் பாதியில் ஒதுக்கி வைத்துவிடுகிறார். போன வாரம் நான் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்தபோது, "இவளுக்கு வேறு ஒரு அம்மா கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்" என்று மிகச் சாதாரணமான குரலில் சொன்னார். அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூட நான் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன்.

"பச்சை உடம்புக்காரி அப்படித்தான் இருப்பாள், ரத்தம் ஊறினால் தெளிந்துவிடுவாள், இதற்கெல்லாம் மனநல மருத்துவரிடம் போனால் ஊர் என்ன பேசும்?" என்கிறார் என் மாமியார். அவர் மகளைக் கவனிப்பதில் குறை சொல்ல முடியாது என்பதால் எனக்கும் எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. இன்னும் சில வாரங்கள் பொறுத்துப் பார்க்கலாமா? மருந்து கொடுத்தால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியிருக்குமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: நாகைச் செவிலி

தம்பி, பொறுத்திருக்க வேண்டாம். நான் கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

பிரசவமாகி மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் காரணமே இல்லாமல் அழுகை வருவதும், சின்ன விஷயத்திற்குச் சிடுசிடுப்பதும் பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு உண்டு. நஞ்சுக்கொடி வெளியேறியவுடன் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் சுரப்புகள் திடீரென இறங்கிவிடுகின்றன. அதோடு தையல் வலியும் தூக்கமின்மையும் சேர்ந்துகொள்ளும்போது மனம் அப்படித் தத்தளிக்கும். அது இரண்டு வாரங்களுக்குள் தானாக அடங்கிவிடும், மருந்து தேவையில்லை. உங்கள் மாமியார் சொல்வது அந்த நிலைக்குச் சரியாகப் பொருந்தும். ஏழாவது வாரத்திலும் தூக்கமும் பசியும் பேச்சும் குறைந்துகொண்டே போகிறது என்றால் அது பிரசவத்திற்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குச் சிகிச்சை உண்டு, குணமும் ஆகும்.

"வேறு அம்மா கிடைத்திருந்தால்" என்று அவர் சொன்னதை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த முறை தனியாக இருக்கும்போது, "நீ உயிரோடு இருக்க வேண்டாம் என்று எப்போதாவது தோன்றுகிறதா?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பலரும் அஞ்சுகிறார்கள். அப்படி நேர்வதில்லை, கேட்க ஒருவர் வந்தாரே என்ற ஆறுதல்தான் பெரும்பாலும் கிடைக்கும். "ஆம்" என்று பதில் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், அதுவரை அவரைத் தனியே விடாதீர்கள். இரவு நேரமாக இருந்தாலும் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய, தொலைபேசி வழியே மனநல ஆலோசனை தரும் அரசுச் சேவை அது. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பிரசவித்த பெண்ணின் உடம்பை யாரும் குறைத்துக் கவனிப்பதில்லை. பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, லேகியம், வெந்நீர்க் குளியல், சாம்பிராணிப் புகை என்று எல்லாம் முறையாக நடக்கும். நான் வீட்டுப் பார்வைக்குப் போன இடங்களில் அதே கவனிப்பினூடே வேறொன்றையும் பார்த்திருக்கிறேன். குழந்தை பார்க்க வருகிறவர்கள் நேராகத் தொட்டிலுக்குப் போவார்கள், நிறம் யாரைப்போல, மூக்கு யாரைப்போல என்று பேசுவார்கள், திரும்பும்போது "பால் பத்துதா?" என்று மட்டும் தாயைக் கேட்பார்கள். அந்தக் கேள்வி ஒரு நாளில் பத்துப் பேரிடமிருந்து வந்தால், தன் உடம்பே தேர்வில் தோற்றுவிட்டதாக அந்தப் பெண்ணுக்குத் தோன்றாதா? காற்று படக்கூடாது என்று சன்னலைச் சாத்துவது, கண் கெட்டுவிடும் என்று போனைப் பிடுங்கி வைப்பது, அழுதால் பால் திரிந்துவிடும் என்று மிரட்டுவது எல்லாமே அக்கறையில் செய்யப்படுபவைதான். ஆனால் சோர்ந்த மனதிற்கு அவை நான்கு பக்கமும் அடைப்பாகிவிடுகின்றன. பத்தியத்தை விடச் சொல்லவில்லை. சன்னலையும் போனையும் அவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

உங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியரிடம் "எடின்பரோ வினாப்பட்டியல்" என்று கேட்டுப் பாருங்கள். 1987 இல் உருவாக்கப்பட்ட பத்துக் கேள்விகள் கொண்ட பட்டியல் அது. கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றித் தன்னையே பழித்துக்கொண்டாரா, தூக்கம் கெட்டதா என்று விசாரிக்கும். முப்பதுக்குப் பதின்மூன்று அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய பத்தாவது கேள்விக்கு "இல்லவே இல்லை" என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவு என்று பார்க்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். தமிழ் வடிவமும் ஆய்வில் சரிபார்க்கப்பட்டதே. ஆனால் அதற்காகக் காத்திருந்து மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பதில்: வைகைக்கரை

சகோதரருக்கு, உங்கள் மனைவியின் இடத்தில் இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

என் மகன் பிறந்த பிறகு எனக்கு வந்தது அழுகையாக வரவில்லை, பயமாக வந்தது. இரவெல்லாம் விளக்கை அணைக்க விடமாட்டேன். அவன் மார்பின் மேல் விரலை வைத்து மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். எத்தனை மணிக்குப் பால் குடித்தான், எத்தனை நிமிடம் குடித்தான் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தேன். பார்த்தவர்கள் "என்ன பொறுப்பான அம்மா!" என்று பாராட்டினார்கள். மாடிப்படியில் இறங்கும்போது குழந்தை கையிலிருந்து நழுவி விழுவதுபோல ஒரு காட்சி மனதில் வந்துகொண்டே இருந்தது. அதை வெளியில் சொன்னால் பைத்தியம் என்று முத்திரை குத்திக் குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்று நம்பியதால் யாரிடமும் சொல்லவில்லை; படியில் இறங்குவதை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

கடைசியில் என் கணவர் கேட்ட விதத்தில்தான் வாய் திறந்தது. "ஏன் இப்படி இருக்கிறாய்?" என்று கேட்டபோதெல்லாம் குற்றம் சாட்டுவதுபோலத்தான் இருந்தது. ஒரு நாள் அவர், "நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினாய்?" என்று மட்டும் கேட்டார். அதற்கு உண்மையான பதில் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. அங்கிருந்து தொடங்கிப் படிக்கட்டு வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "தைரியமாக இரு", "குழந்தை முகத்தைப் பார்த்தால் கவலையெல்லாம் பறந்துவிடும்", "எத்தனை பேர் குழந்தை இல்லாமல் தவிக்கிறார்கள் தெரியுமா" என்ற மூன்றையும் தயவுசெய்து சொல்லாதீர்கள்; அவற்றில் மூன்றாவது மிகவும் மோசமானது. மருந்து எடுத்துக்கொண்டேன், பாலும் கொடுத்தேன். என் மகன் இப்போது பள்ளிக்குப் போகிறான்.

பதில்: காவிரிப்படுகை

இதையெல்லாம் பெரிதுபடுத்துகிறீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. என் பாட்டி ஒன்பது பிள்ளைகள் பெற்றவர். ஒரு நாளும் மனச்சோர்வு என்று படுத்ததில்லை. கூட்டுக் குடும்பம் உடைந்ததும், அறுவை சிகிச்சைப் பிரசவமும், கைப்பேசியும் கொண்டுவந்த நகரத்து நோய் இது. மாத்திரை பழக்கமாகிவிட்டால் பிறகு விட முடியாது என்பதையும் யோசித்துச் செய்யுங்கள்.

பதில்: மனநல மருத்துவர், மதுரை

மேலே உள்ள நண்பரின் ஐயம் பலருக்கும் இருப்பதால் முதலில் அதற்கே பதில் சொல்கிறேன். நகரத்து நோய் என்பது சரியல்ல. வேலூருக்கு அருகிலுள்ள கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பிரசவத்திற்குப் பின்னரும் தொடர்ந்து கவனித்து நடத்திய ஆய்வு 2002 இல் வெளியானது. அதில் 11 விழுக்காட்டினருக்குப் பிரசவத்திற்குப் பின் புதிதாக மனச்சோர்வு ஏற்பட்டிருந்தது. அதனுடன் தொடர்புடையவையாக அவர்கள் கண்டவை எவை என்று பாருங்கள்: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கையில் பெண் பிறந்தது, மாமியாரோடும் சொந்தப் பெற்றோரோடும் உறவில் உரசல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்பங்கள், வீட்டு வேலையில் கைகொடுக்க ஆளில்லாமை. கைப்பேசிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. இந்தியா முழுவதும் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017 இல் வந்த கட்டுரை, ஏறத்தாழ 22 விழுக்காடு தாய்மார்களுக்கு இந்தப் பாதிப்பு இருப்பதாகக் கணக்கிட்டது. பாட்டிகளின் காலத்தில் இப்படிப்பட்ட பெண்களை மருத்துவரிடம் கொண்டுவரவில்லை. காற்று கருப்பு என்று வேப்பிலை அடித்தார்கள், அல்லது "சோம்பேறி" என்று பெயர் சூட்டினார்கள்.

இனி, கேட்டவருக்கு. மனச்சோர்வை நீக்கும் மாத்திரைகள் போதைப் பழக்கத்தை உண்டாக்குபவை அல்ல. அவற்றைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கோளாறு வரலாம் என்பதால் மருத்துவர் சொல்லும் முறைப்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும், அவ்வளவே. பாலூட்டும் தாய்க்குப் பொதுவாக முதலில் எண்ணிப்பார்க்கப்படும் மருந்து செர்ட்ராலின். அது தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலப்பதால் பாலை நிறுத்த வேண்டிய அவசியம் பெரும்பாலும் எழுவதில்லை. உங்கள் குழந்தை எடை குறைவாகப் பிறந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மருந்தின் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் "ஒன்றும் மாறவில்லை" என்று நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். நலமான பிறகும் குறைந்தது ஆறு மாதங்களாவது தொடர வேண்டியிருக்கும்.

எல்லோருக்கும் மருந்து தேவை என்பதும் இல்லை. இலேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்கு முறையான உரையாடல் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். பாகிஸ்தானின் கிராமப்புறத்தில் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகச் சென்று மனச்சோர்வு இருந்த தாய்மார்களிடம் முறையாகப் பேச வைத்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதமானபோது, அந்த உதவியைப் பெற்றவர்களில் 23 விழுக்காட்டினருக்கே மனச்சோர்வு நீடித்தது. வழக்கமான வீட்டுப் பார்வை மட்டும் கிடைத்தவர்களிடம் அது 53 விழுக்காடாக இருந்தது. அங்கே பேசியவர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர், மேலே பதில் எழுதிய செவிலியரைப் போன்றவர்கள்தாம்.

மருந்து தொடங்குவதற்கு முன் தைராய்டு அளவையும் ஹீமோகுளோபினையும் பார்த்துவிட வேண்டும். பிரசவத்திற்குப் பிந்தைய மாதங்களில் தைராய்டு சுரப்பி பாதிக்கப்படுவது அரிதல்ல. அதன் சோர்வும் மந்தமும் மனச்சோர்வைப் போலவே தோன்றும். உங்கள் மாமியார் சொன்ன "ரத்தம் ஊறுவது" அந்த அளவில் பொருளற்ற பேச்சல்ல, ரத்தசோகையும் உடம்பையும் மனதையும் சேர்த்தே அழுத்தும்.

வைகைக்கரை எழுதிய படிக்கட்டுக் காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தைக்குத் தீங்கு நேர்வதுபோலத் தாயின் விருப்பமின்றி எழும் எண்ணங்கள் மிகப் பரவலானவை, வெளியில் சொல்லப்படாதவை. அந்த எண்ணத்தைக் கண்டு தாய் அருவருத்து அஞ்சுகிறாள் என்றால், அவள் குழந்தைக்கு ஆபத்தானவள் என்று அதற்குப் பொருளில்லை. பதற்றம் அந்த உருவத்தில் வெளிப்படுகிறது. இதற்கு முற்றிலும் வேறானது பேறுகாலத்துத் தீவிர மனநோய். ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் திடீரெனத் தொடங்கும். தூக்கமே தேவைப்படாத வேகம், இல்லாத குரல்கள் கேட்பது, குழந்தை மாற்றப்பட்டுவிட்டது என்றோ அதற்குள் ஏதோ புகுந்துவிட்டது என்றோ உறுதியாக நம்புவது, நேரத்திற்கு நேரம் மாறும் குழப்பம் ஆகியவை தெரிந்தால் நேரம் பார்க்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும். நீங்கள் விவரித்ததில் அந்த அடையாளங்கள் இல்லை. ஆயினும் அவருக்கோ இரத்த உறவினருக்கோ முன்பு இருதுருவ மனநோய் (அளவுகடந்த உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) இருந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் தெரிவியுங்கள். அப்போது சிகிச்சை முறையே மாறும்.

மருத்துவமனையில் சேர்த்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்ற அச்சம் இருந்தால், 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கிறது. அதன் 21 ஆவது பிரிவின்படி, உள்நோயாளியாக இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. தாயின் மனநோயால் குழந்தைக்குத் தீங்கு நேரும் அபாயம் இருந்தாலோ, குழந்தையின் நலனுக்கும் பாதுகாப்புக்கும் தேவைப்பட்டாலோ மட்டுமே மருத்துவர் தற்காலிகமாகப் பிரித்து வைக்கலாம், அதையும் அவ்வப்போது மறுபரிசீலனை செய்ய வேண்டும். ஓசூரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பெங்களூரு நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனத்தில் தாயும் சேயும் ஒன்றாகத் தங்கிச் சிகிச்சை பெறும் தனிப் பிரிவு 2009 முதல் இயங்குகிறது. உங்கள் மனைவிக்கு அதுவரை போகத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். இருப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது என்பதால் சொன்னேன்.

ஓசூர்வாசி

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. வைகைக்கரை அவர்கள் எழுதியபடியே தூக்கத்தைப் பற்றி மட்டும் இன்று தொலைபேசியில் கேட்டேன்; மனைவி வெகுநேரம் பேசினார். சாக வேண்டும் என்று தோன்றவில்லை, ஆனால் எல்லாரையும் விட்டு எங்காவது போய்விட வேண்டும்போல இருக்கிறது என்றார். மருத்துவரைப் பார்க்க அவருக்கே சம்மதம். மாமியாரைத்தான் எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை. தைராய்டுக்கு என்று சொல்லி அழைத்துச் செல்லட்டுமா? அல்லது மனைவியை உடனே ஓசூருக்கே கூட்டி வந்துவிடலாமா?

பதில்: நாகைச் செவிலி

ஓசூருக்கு இப்போது கூட்டி வராதீர்கள் தம்பி. நீங்கள் இரவு ஷிப்டுக்குப் போய்விட்டால், அறிமுகமில்லாத ஊரில் கைக்குழந்தையோடு அவர் தனியாக இருக்க நேரும். எங்காவது போய்விட வேண்டும் என்று தோன்றும் மனதோடு அப்படி விடக் கூடாது. இயன்றால் நீங்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு மன்னார்குடிக்குப் போங்கள். இரவில் குழந்தையைத் தூக்கிப் பாலுக்கு மட்டும் அவரிடம் கொடுத்து, குடித்து முடித்ததும் ஏப்பம் விடவைத்துத் தூங்கவைக்கும் வேலையை நீங்களும் உங்கள் மாமியாரும் பிரித்துக்கொள்ளுங்கள். நடு நடுவே எழுந்தாலும், ஒரு தடவையாவது நான்கைந்து மணி நேரம் தொடர்ந்து அவர் தூங்கும்படி பார்த்துக்கொள்வது இந்த நோய்க்குப் பாதி மருந்து.

மாமியாரிடம் பொய் சொல்லத் தேவையில்லை. தைராய்டும் ரத்தமும் பார்க்க வேண்டும் என்பது மருத்துவரே சொன்ன உண்மை. தூக்கம் வராததற்கும் அங்கேயே மருத்துவம் பார்ப்பார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சொல்லி, "அத்தை, நீங்களும் உடன் வாருங்கள், இவள் சாப்பிடாததை நீங்கள்தான் டாக்டரிடம் சரியாகச் சொல்ல முடியும்" என்று கூப்பிடுங்கள். மகளைப் பத்தியத்தோடு பார்த்துக்கொண்டவரை ஒதுக்கிவிட்டுப் போனால் திரும்பி வந்ததும் மாத்திரையை ஒளித்து வைப்பார். உள்ளே அழைத்து உட்கார வைத்தால் அவரே வேளை தவறாமல் கொடுப்பார். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. வெளிநோயாளர் பிரிவு காலையில்தான் நடக்கும் என்பதால் சீக்கிரமே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். தாய்சேய் நல அட்டை, பிரசவம் பார்த்த மருத்துவமனையின் வெளியேற்றச் சுருக்கம், குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது கொடுத்த தாள்கள், இப்போது சாப்பிடும் இரும்புச்சத்து மாத்திரை முதல் லேகியம் வரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். குழந்தையும் கூடவே வரட்டும், பாலூட்ட வேண்டும். மருத்துவரிடம் பேசும்போது சிறிது நேரமாவது உங்கள் மனைவி தனியாகப் பேச இடம் கொடுத்து, நீங்களும் மாமியாரும் வெளியே வந்து நில்லுங்கள்.